பீடியைத் தொடாதவருக்கு ஏன் இந்த மூச்சிரைப்பு?

எங்கள் நுரையீரல் நோய்ப் பிரிவின் புறநோயாளர் சீட்டில் "புகைப்பழக்கம்: உண்டு / இல்லை" என்றொரு வரி நெடுங்காலமாக இருந்து வருகிறது. மூச்சிரைப்புடன் வரும் ஆண்களிடம் இதைக் கேட்டால், பலர் சற்றுத் தயங்கி, உடன் வந்த மனைவியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "முன்னாடி இருந்துச்சு டாக்டர்" என்பார்கள். பெண்களிடம் அக்கேள்வியைப் பெரும்பாலும் நாங்கள் கேட்பதே இல்லை. "இல்லை" என்பதை நாங்களே சுழித்துவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு வந்த ஓர் அம்மையாருக்கும் அப்படித்தான் சுழித்தோம். அறுபதைக் கடந்தவர். மூன்று ஆண்டுகளாக இருமலும் சளியும் இருந்தன. மழைக்காலத்தில் அவை கூடும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துப் பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஊரில் ஒருவர் வயதாகிவிட்டது என்றார். மற்றொருவர் ஆஸ்துமா என்று மாத்திரை கொடுத்தார். காசநோய் என்ற ஐயத்தில் இருமுறை சளிப் பரிசோதனை நடந்தது. இருமுறையும் கிருமி காணப்படவில்லை. நாங்களும் அன்றைய கூட்ட நெரிசலில் ஆஸ்துமா என்றே எழுதி அனுப்பினோம். எட்டு மாதங்கள் கழித்துக் கால்கள் வீங்கி, உதடுகள் நீலம் பாரித்த நிலையில் அவரை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தனர். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 82 விழுக்காடு.

அன்றிரவு பணியில் இருந்த முதுநிலை மாணவி ஒருவர்தான், கரி படிந்து தடித்துப்போன அந்த விரல்களைப் பார்த்துவிட்டு, "பாட்டி, வீட்டுல என்ன அடுப்பு?" என்று கேட்டார்.

"விறகடுப்புத்தான் கண்ணு. கேஸும் இருக்கு. அது டீ போடறதுக்கு."

பதினாறு வயதில் வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் நாற்பத்தைந்து ஆண்டுகள். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம். சன்னல் இல்லாத அடுப்பங்கரை. சீமைக்கருவேல விறகு, மழைக்காலத்தில் ஈரச் சுள்ளியும் வறட்டியும். இத்தனையும் ஒரே கேள்வியில் கிடைத்த செய்திகள். அக்கேள்வியை நாங்கள் எட்டு மாதங்களுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

உடல் தேறிய பின் அவருக்கு ஸ்பைரோமெட்ரி எனப்படும் ஊதல் பரிசோதனை செய்தோம். மூச்சை முழுவதுமாக உள்ளிழுத்து, ஒரு குழாயில் இயன்ற விரைவில் ஊத வேண்டும், அவ்வளவுதான். நலமான நுரையீரல் அவ்வாறு வெளியேற்றும் காற்றில் எழுபது விழுக்காட்டுக்கு மேற்பட்டதை முதல் நொடியிலேயே தள்ளிவிடும். மூச்சுக்குழல்கள் சுருங்கியிருந்தால் அது இயலாது. பின்னர் சால்பியூட்டமால் மருந்தை இன்ஹேலர் வழியாகக் கொடுத்து, பதினைந்து இருபது நிமிடங்கள் கழித்து மீண்டும் ஊதச் சொல்வோம். ஆஸ்துமாவாக இருந்தால் குழல்கள் பெரும்பாலும் நன்கு விரிந்து கொடுக்கும். அம்மையாருக்கு முதல் முறை 52 விழுக்காடு. மருந்துக்குப் பின் 54. குழல்கள் விரியவில்லை. நோயின் பெயர் சி.ஓ.பி.டி.; தமிழில் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்கிறோம்.

பெயரைச் சொன்னதும் மகன் முகம் வாடிவிட்டது. அந்நோய் பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு வருவது என்று அவர் எங்கோ படித்திருக்கிறார். "அம்மா வாழ்நாள்ல பீடியத் தொட்டதில்லைங்களே. அப்பா குடிச்ச பீடிதான் காரணமா?" என்றார். தந்தை இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பீடிப் புகைக்கும் சிறு பங்கு இருந்திருக்கலாம். ஆனால் பெரும் பங்கு, குடும்பத்தில் யாரும் குற்றமாக எண்ணாத அடுப்புப் புகைக்கு உரியது. காற்று மாசு என்றதும் நம் கண்முன் வருவது ஆலைப் புகைபோக்கியும் டீசல் வண்டியும்தான். எங்கள் பிரிவுக்கு வரும் கிராமத்துப் பெண்கள் பலருக்கு மாசு மிகுந்த இடம் அவர்களுடைய சமையலறையே.

புகை உள்ளே என்ன செய்கிறது?

விறகு முழுமையாக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் சிறிதளவு சாம்பலும்தான் மிஞ்ச வேண்டும். வீட்டடுப்பில் அது ஒருபோதும் முழுமையாக எரிவதில்லை. ஈர விறகில் நிலைமை இன்னும் மோசம். எரிய வேண்டிய வெப்பம் ஈரத்தை உலர்த்துவதிலேயே செலவாகிவிடுகிறது. எரியாமல் எஞ்சுவதுதான் புகை. அதில் கார்பன் மோனாக்சைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு, பென்சோபைரீன் ஆகியவை உள்ளன. நிக்கோட்டினை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பீடிப் புகையின் நச்சுகளில் பல இதிலும் உண்டு.

இவற்றோடு நுண்துகள்கள் வருகின்றன. செய்திகளில் பி.எம். 2.5 என்று குறிப்பிடப்படுபவை இவையே. விட்டம் 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவு. தலைமயிர் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். அதன் குறுக்கே இத்துகள்கள் முப்பதை வரிசையாக அடுக்கலாம். மாவரைக்கும்போது பறக்கும் பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். தும்மியோ காறியோ வெளியேற்றிவிடுவோம். நுண்துகள்கள் அந்தக் காவலைக் கடந்து, நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை சென்று தங்குகின்றன. அவற்றுள் மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கின்றன. மாசு மிகுந்த காற்று நுரையீரலோடு மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுவது இதனாலும் ஆகும்.

மூச்சுக்குழலின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் உண்டு. அவை ஓயாமல் அசைந்து சளியையும் தூசியையும் மேல்நோக்கித் தள்ளுகின்றன. ஆண்டுக்கணக்கில் புகைபட்டால் அவை செயலிழக்கின்றன, சளி தேங்குகிறது, கிருமிகளுக்கு வழி பிறக்கிறது. சிறு குழல்களின் சுவர் புண்ணாகி ஆறி, மீண்டும் புண்ணாகி ஆறித் தழும்பேறிச் சுருங்குகிறது. பீடி பிடித்தவர்களின் நுரையீரலில் காற்றறைகள் கிழிந்து பெரிதாவது மிகுதி. விறகுப் புகை பட்டவர்களிடம் இத்தகைய குழல் தழும்பே மிகுதி. பிராங்கோஸ்கோப்பி செய்யும்போது இப்பெண்களின் மூச்சுக்குழல் சுவரில் மை தெளித்ததுபோல் கரும்புள்ளிகளை நாங்கள் கண்ணாரக் காண்கிறோம். பாத்திரத்தின் அடியில் பிடிப்பதுதான் அங்கும் பிடித்திருக்கிறது; அதைத் தேய்த்துக் கழுவ வழியில்லை என்பதே வேறுபாடு.

அம்மையாரின் கால் வீக்கத்துக்கும் இதுவே மூலம். ஆக்சிஜன் நெடுநாள் குறைவாக இருந்தால் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். அவற்றினுள் இரத்தத்தைத் தள்ள இதயத்தின் வலப்பக்கம் மிகுதியாக உழைத்துத் தளரும். நீர் கால்களில் இறங்கும். ஆகவே மூச்சிரைப்புள்ள ஒருவருக்குக் கால் வீங்கினால் அதை "உட்கார்ந்தே இருந்த வீக்கம்" என்று விட்டுவிடலாகாது.

எவ்வளவு புகை?

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு கனமீட்டர் காற்றில் நுண்துகள் 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும். 2009-இல் அறிவிக்கப்பட்ட இந்தியத் தர அளவு இதனினும் தளர்வானது. 60 மைக்ரோகிராம் வரை ஏற்கிறது. புகைபோக்கியும் சன்னலும் இல்லாத அடுப்பங்கரையில், விறகு எரியும் நேரத்தில் இவ்வளவு பல நூறுகளைத் தொடுவது வழக்கம். ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. நகரின் நெரிசலான சாலைச் சந்திப்பில் நிற்கும் காவலரைவிட மோசமான காற்றை, தன் வீட்டுக்குள் அமர்ந்து ஒருவர் சுவாசிக்கிறார். மடியில் குழந்தை இருந்தால் அதுவும் சுவாசிக்கிறது. விறகடுப்புள்ள வீடுகளில் வளரும் சிறு குழந்தைகளுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு.

நாங்கள் ஓர் எளிய கணக்கைப் பயன்படுத்துகிறோம். நாளொன்றுக்கு அடுப்படியில் இருக்கும் மணி நேரத்தை, அவ்வாறு சமைத்த ஆண்டுகளால் பெருக்குவது. மைசூர்ப் பகுதியில் பெண்களிடம் நடந்த ஆய்வொன்றில், இந்த எண் 60-ஐ எட்டியவர்களுக்கு நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி கூடுவது தெரியவந்தது. எங்கள் அம்மையாரின் எண் 180. வாசகர்கள் தம் வீட்டு மூதாட்டிக்கு இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 60-ஐத் தாண்டினாலே நோய் உண்டு என்று பொருளல்ல. இருமலோ இரைப்போ உடன் இருந்தால் ஊதல் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம் என்றே பொருள்.

இது ஏதோ சில வீடுகளின் செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். 2019-ஆம் ஆண்டில் இந்தியாவில் காற்று மாசால் நேர்ந்த மரணங்கள் சுமார் 16.7 லட்சம் என்று லான்செட் குழும இதழில் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அவற்றுள் சுமார் ஆறு லட்சம் வீட்டினுள் எழும் புகையால் நேர்ந்தவை.

கேஸ் வந்துவிட்டதே என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 2007 முதல் இலவச எரிவாயு அடுப்புகள் வழங்கப்பட்டன. 2016-இல் நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கியது. 2019–21-இல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் நான்கு வீடுகளுக்கும் மேல் புகையில்லா எரிபொருளில் சமைக்கின்றன. இந்திய அளவில் அது ஏறத்தாழ 59 விழுக்காடுதான். நம் நிலை நன்றே. ஆனால் கணக்கெடுப்பில் "கேஸ்" என்று பதிவாகும் வீட்டின் கொல்லையில் இன்னோர் அடுப்பு இருப்பதை நாங்கள் நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டே அறிந்தோம். குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் காய்ச்சுவது, விருந்தினர் வந்தால் பெரிய பானைச் சோறு, நெல் அவிப்பது ஆகியவையெல்லாம் அதில்தான். சிலிண்டர் விலை ஏறும் மாதங்களில் குழம்பும் அங்கே போய்விடும். விறகடுப்புச் சோற்றின் ருசியைப் பற்றி எங்களிடம் வாதாடியவர்களும் உண்டு. அந்த ருசியை நாங்கள் மறுக்கவில்லை.

அடுப்பை மாற்றினால் பயன் உண்டா?

இக்கேள்விக்கு நேர்மையான விடை சற்று நீளமானது.

குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிப் பெண்களிடம் ஹேப்பின் என்ற பெரிய ஆய்வு நடந்தது. இந்தியப் பகுதி முழுவதும் தமிழ்நாட்டில், விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நடந்தது. ஒரு பாதியினருக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் இலவசமாக வீடு தேடி வந்தன; மறு பாதியினர் வழக்கம்போல் விறகில் சமைத்தனர். கர்ப்ப காலத்தில் விறகில் சமைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் அளவு கனமீட்டருக்கு ஏறத்தாழ 71 மைக்ரோகிராம்; எரிவாயுவுக்கு மாறியவர்களுக்கு 24. மூன்றில் இரு பங்கு குறைந்துவிட்டது. ஆயினும் 2022-இல் முடிவு வெளிவந்தபோது, இரு தரப்புக் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஓராண்டுக்குள் வரும் கடும் நிமோனியாவிலும் தெளிவான வேறுபாடு தென்படவில்லை.

எங்களைப் போன்றோருக்கு அது ஏமாற்றமே. இதைச் சொல்லாமல் மறைத்துவிட்டு "கேஸுக்கு மாறுங்கள், எல்லாம் சரியாகும்" என்று எழுதுவது எளிது. ஆனால் பல்லாண்டுகளாகப் புகையில் வாழ்ந்த உடலிலும், தெருவெங்கும் பிறர் வீட்டுப் புகை சூழ்ந்த ஊரிலும், சில மாத மாற்றம் எல்லாவற்றையும் திருப்பிவிடாது என்றே நாங்கள் இம்முடிவைப் படிக்கிறோம். நுரையீரலின் கணக்கு மாதங்களில் அல்ல, ஆண்டுகளில் நடப்பது.

ஆண்டுக்கணக்கில் பார்த்த ஆய்வுகள் சீனாவிலிருந்து வந்துள்ளன. யுன்னான் மாநிலத்து ஸுவான்வெய் பகுதியில், புகையிலையைத் தொடாத பெண்களிடம் நுரையீரல் புற்றுநோய் மிக அதிகமாக இருந்தது. வீட்டுக்குள் குழியில் எரித்த புகை மிகுந்த நிலக்கரியே காரணம் என்று கண்டறியப்பட்டது. பின்னர் வீடுகளில் புகைபோக்கி வைத்த அடுப்புகள் வந்தன. எரிபொருள் அதேதான், புகை மட்டும் கூரைக்கு மேலே போனது. அவ்வாறு மாறிய வீடுகளில் புற்றுநோய் வாய்ப்பு நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. அந்தப் பயன் தெளிவாகத் தெரியப் பத்தாண்டுகள் ஆயின. தென்சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில் ஒன்பது ஆண்டுகள் நடந்த மற்றோர் ஆய்வில், எரிபொருளை மாற்றியவர்களுக்கும், மாற்ற இயலாமல் சமையலறையின் காற்றோட்டத்தை மட்டும் சீர்செய்தவர்களுக்கும் நுரையீரல் திறன் தேயும் வேகம் ஆண்டுக்கு 12, 13 மில்லிலிட்டர் குறைந்தது. இரண்டையும் செய்தவர்களுக்கு 16. வயது ஏற ஏற எல்லோருக்குமே ஆண்டுக்கு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் தேயும் என்பதை நினைவில் கொண்டால், இது சிறு தொகை அல்ல என்பது விளங்கும். தழும்பேறிய குழல் பழைய நிலைக்குத் திரும்பாது. இனி எவ்வளவு விரைவாகத் தேயும் என்பதுதான் நம் கையில் உள்ளது.

அம்மையார் வீட்டில் நாங்கள் முதலில் கேட்டுக்கொண்டதும் பெரிய செலவல்ல. வெந்நீர் அடுப்பு வீட்டுக்குள்ளிருந்து வெளியே, காற்று வீசும் திறந்த வெளிக்குப் போனது. தாழ்வாரத்து ஓரம் போதாது. அங்கு மூட்டினால் புகை சன்னல் வழியாகத் திரும்பி வரும். அடுப்பங்கரைச் சுவரின் மேற்பகுதியில் இரண்டு துளைகள் திறக்கப்பட்டன. அடுப்புக்கு மேல் புகைபோக்கி வைக்க மகன் ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். அதுவரையில் சமையலை மருமகள் கேஸில் செய்தார். அதற்கு அம்மையார் எளிதில் இசையவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அடுப்பங்கரையை விட்டுத் தம்மை விலக்குவது, வீட்டில் தம் இடத்தைப் பறிப்பதாக அவருக்குத் தோன்றியது. "கீரை ஆய்வதும் தாளிப்பு சொல்வதும் திண்ணையில் உட்கார்ந்து நீங்களே செய்யுங்கள்" என்று எங்கள் செவிலியர் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். மருந்துச் சீட்டில் எழுத இயலாத மருத்துவம் அது.

ஈர விறகே கிடைக்கும் மழை நாட்களில் முதல் நாளே விறகை உலர்த்தி வைப்பது புகையைக் கணிசமாகக் குறைக்கும். பிளாஸ்டிக் காகிதத்தைப் போட்டு அடுப்பு மூட்டும் வழக்கத்தை அறவே விட வேண்டும். முகத்தில் ஈரத்துண்டு கட்டிக்கொள்வது கண் எரிச்சலுக்குச் சிறிது உதவலாம்; நுண்துகளைத் தடுக்காது. காற்று தூய்மைப்படுத்தும் கருவியைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். மூடிய அறையில், நல்ல வடிகட்டியுடன் அது பயன் தரும். புகை உள்ளேயே எழும் வீட்டில், அந்தப் பணத்தைப் புகைபோக்கிக்குச் செலவிடுங்கள் என்பதே எங்கள் கருத்து.

அடுப்பைத் தவிர வேறு புகைகளும் வீட்டில் உண்டு. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்கு ஈடு என்று ஓர் ஆய்வு அளந்திருக்கிறது. மூச்சிரைப்பு உள்ளவர் உறங்கும் அறையில் கொசுவலையே நல்லது. குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது அன்பினால் செய்யப்படுவது. பிஞ்சு நுரையீரலுக்கு அது தேவையில்லை, துணியால் துவட்டினால் தலை காய்ந்துவிடும். போகியன்று பழைய பாயும் டயரும் பிளாஸ்டிக்கும் எரியும் அதிகாலையில், எங்கள் நோயாளிகள் சன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே இருப்பதும், இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பதும் நன்று.

மருந்தும் மூச்சுப் பயிற்சியும்

நோய் உறுதியான பின் எங்களை நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்வி, "இன்ஹேலர் பழகிட்டா விட முடியாதாமே?" என்பது. மாத்திரையைக் கேட்டு வாங்குவோர் இன்ஹேலரைக் கண்டு அஞ்சுகின்றனர். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருந்தால், இன்ஹேலரை இருமுறை அழுத்தி உறிஞ்சும்போது செல்வது 200 மைக்ரோகிராம். இருபதில் ஒரு பங்கு. அதுவும் நேரே மூச்சுக்குழலுக்கே செல்கிறது. நடுக்கமும் படபடப்பும் குறைவு. இதில் அடிமைத்தனம் ஏதுமில்லை. கண் குறைபாடு உள்ளவர் கண்ணாடியை நாள்தோறும் அணிவது போன்றதே இது. முதியவர்களுக்கு ஸ்பேசர் என்னும் குடுவையுடன் கொடுப்பது எளிது. ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் என்றால், உறிஞ்சிய பின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். தவறினால் வாயில் வெள்ளைப் புண் வரும். இன்புளூயன்சா தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுக்கொள்வதும், நிமோனியாவுக்கான தடுப்பூசியை மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்வதும் அவசரப் பிரிவுக்கு வரும் இரவுகளைக் குறைக்கும்.

மூச்சுப் பயிற்சியில் முதலில் கற்பிப்பது, மூக்கால் இழுத்து, உதடுகளைக் குவித்து மெல்ல நீளமாக ஊதி விடுவது. அடைபட்ட காற்று முழுவதும் வெளியேற அது உதவும். எங்கள் இயன்முறை மருத்துவர் ஒருமுறை வியந்து சொன்னார்: ஆண்கள் இதைப் பழக ஒரு வாரம் ஆகிறது, பாட்டிகள் முதல் நாளே செய்துவிடுகிறார்கள் என்று. ஊதாங்குழல் பிடித்த உதடுகள் அல்லவா.

சிலருக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் தேவைப்படுகிறது. ஓய்விலும் ஆக்சிஜன் அளவு 88 விழுக்காடோ அதற்குக் கீழோ நிலைத்திருப்பவர்களுக்கு, நாளில் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் கொடுக்கும்போதுதான் முழுப் பயன் கிடைக்கும். இங்கேதான் குடும்பத்தினர் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். ஆக்சிஜன் தானாக எரிவதில்லை. அருகில் உள்ள சிறு நெருப்பைப் பெருநெருப்பாக்கிவிடும். கருவியும் குழாயும், அதை மூக்கில் அணிந்திருப்பவரும் அடுப்பிலிருந்து பத்தடிக்கு அப்பால் இருக்க வேண்டும். கேஸ் அடுப்புக்கும் இதே விதி. பூசையறை விளக்கு, கற்பூரம், ஊதுவத்தி, பீடி எல்லாம் இதில் அடங்கும். கற்பூரத் தட்டை முகத்தருகே நீட்டும் பழக்கத்தால் வரும் ஆபத்தை வீட்டுக்கு வருவோரிடமும் சொல்லி வையுங்கள். ஆக்சிஜன் ஓடும்போது மூக்கைச் சுற்றி எண்ணெய்ப் பசையுள்ள தைலம் தடவ வேண்டாம்.

சளியின் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது, வழக்கத்தைவிட இரைப்பு கூடுவது, இரவில் படுக்க இயலாமல் உட்கார்ந்தே இருப்பது, பேச்சில் தடுமாற்றம் அல்லது பகலில் அளவற்ற தூக்கம் ஆகியவற்றில் எது கண்டாலும் அடுத்த மறுபரிசோதனை நாள்வரை காத்திராமல் வந்துவிடுங்கள். கடைசியாகச் சொன்ன தூக்கம், இரத்தத்தில் கரியமில வாயு தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். "இரவெல்லாம் இருமினார், இப்போதுதான் நன்றாகத் தூங்குகிறார்" என்று எண்ணி விட்டுவிட்ட குடும்பங்களை நாங்கள் அறிவோம்.

அம்மையார் இப்போது இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வருகிறார். ஊதல் பரிசோதனையில் எண் கூடவில்லை, குறையவும் இல்லை. குடம் தூக்குவதில்லை. கோயில்வரை நடக்கிறார், இடையில் ஒருமுறை நின்று. சென்ற முறை பக்கத்து வீட்டுப் பெண்மணியையும் கையோடு அழைத்து வந்திருந்தார். அவருக்கு நாற்பத்தெட்டு வயது, ஆறு மாத இருமல், அதே கொல்லை அடுப்பு. ஊதல் பரிசோதனையில் அடைப்பு இன்னும் தொடக்க நிலையிலேயே இருந்தது.

எங்கள் சீட்டில் "புகைப்பழக்கம்" என்ற வரிக்குக் கீழே இப்போது மேலும் மூன்று வரிகள் அச்சிட்டிருக்கிறோம். வீட்டில் என்னென்ன அடுப்பு, எத்தனை ஆண்டுகளாக, நாளுக்கு எத்தனை மணி நேரம் என்பவை அவை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் எங்களில் எவரேனும் அவற்றை நிரப்பாமல் கடந்துவிடக்கூடும். அவ்வாறு கடந்தால் சீட்டை எங்கள் பக்கம் திருப்பி வைத்து நீங்களே சொல்லுங்கள். கொல்லையில் இருக்கும் இரண்டாவது அடுப்பையும் சேர்த்து.